விலை விழுந்த பங்கு: விற்பதா, வைத்திருப்பதா?

ஒரு பொருளை வாங்குவதற்கு யோசனை சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிலம் வாங்கவும், நகை வாங்கவும், கம்பெனிப் பங்குகள் வாங்கவும் நமக்கு வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால், வாங்கிய பொருளின் விலை இறங்கிவிட்டால் அதை என்ன செய்வது என்று கேட்கப் போனால், அந்த வழிகாட்டிகளில் ஒருவரையும் காணோம். அப்பொழுது மனிதன் தன்னந்தனியனாகிவிடுகிறான். உறக்கம் வராமல் புரண்டு படுப்பவனுக்குத் துணையாக இருப்பவை இரண்டே எண்கள்தாம். வாங்கிய விலை ஒன்று; இன்றைய விலை மற்றொன்று. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் பொருளாதார நிபுணன் அல்லன். பங்குத் தரகனும் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். சொற்களை எடைபோட்டுப் பார்ப்பது என் தொழில். பங்கு விவகாரத்தில் நாம் அடையும் துன்பத்தில் ஒரு பாதி பணத்தினால் விளைவது. மற்றொரு பாதி, நாம் வழங்கும் சொற்களினால் விளைவது என்பது என் கருத்து. ஆகவே, சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன், இது யாருக்கோ உரிய பேச்சு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பம்பாயில் ஆலமரத்து நிழலில் தரகர்கள் சிலர் கூடிப் பங்குகளை வாங்கி விற்று வந்த காலம் ஒன்று உண்டு. 1875-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சங்கமாக அமைந்தனர். அதுவே இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தொடக்கம். நெடுங்காலம் பங்கு என்பது செல்வர்களின் விவகாரமாகவே இருந்து வந்தது. இன்று நிலைமை வேறு. நம் நாட்டில் டீமாட் கணக்குகளின் எண்ணிக்கை 2022-ஆம் ஆண்டில் 10 கோடியைத் தாண்டியது. 2025-ஆம் ஆண்டில் 20 கோடியையும் கடந்துவிட்டது. ஆசிரியர்களும், எழுத்தர்களும், ஓய்வூதியம் பெறுவோரும், வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகாத இளைஞர்களும் இன்று பங்குதாரர்கள். ஆகையால், விலை விழுந்தால் விற்பதா, வைத்திருப்பதா என்னும் கேள்வி சாதாரணக் குடும்பங்களின் கேள்வியாகிவிட்டது.

இப்பொழுது சொல்லுக்கு வருவோம். விற்காதவரையில் நஷ்டம் இல்லை, அது வெறும் காகித நஷ்டம் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்திலிருந்து நாம் கடன் வாங்கிய சொற்றொடர் இது. கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. 100 ரூபாய் கொடுத்து வாங்கிய பங்கு இன்று 60 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விற்றால் 40 ரூபாய் நஷ்டம். விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்பது இந்தச் சொல்லின் வாதம். அந்தப் பங்கை ஈடாக வைத்து வங்கியிலே கடன் கேட்டுப் பாருங்கள். வங்கி அதிகாரி 100 ரூபாய் என்றா கணக்கிடுவார்? 60 ரூபாயை அடிப்படையாகக் கொண்டுதான் கடன் தருவார். விலை ஏறியபொழுது நாம் என்ன செய்தோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 100 ரூபாய்ப் பங்கு 140 ரூபாய் ஆனபொழுது, இது காகித லாபம், உண்மையன்று என்று எவரேனும் அடக்கமாக இருந்ததுண்டா? உற்றார் உறவினரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம் அல்லவா? ஏறும்பொழுது மெய்யாக இருந்த விலை, இறங்கும்பொழுது மட்டும் பொய்யாகிவிடாது. நஷ்டம் முன்னமே வந்துவிட்டது. விற்பதனால் அது வருவதில்லை. நம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

இனி, வாங்கிய விலை என்னும் எண்ணைப் பார்ப்போம். நமக்கு அது மிகப் பெரிய எண். சந்தைக்கோ, கம்பெனிக்கோ அந்த எண் தெரியவே தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருவர் வாழ்கிறார்கள் என்று கொள்ளுங்கள். இருவரிடமும் ஒரே கம்பெனியின் பங்குகள் இருக்கின்றன. ஒருவர் 400 ரூபாய்க்கு வாங்கியவர். மற்றவர் 40 ரூபாய்க்கு வாங்கியவர். இன்றைய விலை 100 ரூபாய். முதல்வர், 400 ரூபாய் வரும்வரை விற்க மாட்டேன் என்கிறார். இரண்டாமவர், இவ்வளவு லாபம் போதும், விற்றுவிடலாம் என்கிறார். நாளைக்கு அந்தக் கம்பெனி நன்றாக நடந்தால் இருவருடைய பங்கும் ஒன்றுபோல் உயரும். நொடித்துப் போனால் ஒன்றுபோல் விழும். கம்பெனியின் எதிர்காலம் ஒன்றாக இருக்க, இருவருடைய முடிவும் நேர் எதிராக இருப்பது ஏன்? இருவரும் நேற்றைய தினத்தைப் பார்த்து நாளைய தினத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. இன்று என் கையில் இந்தப் பங்கு இல்லை, அதற்கு ஈடான ரொக்கம் 100 ரூபாய் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தைக் கொண்டு இந்தப் பங்கை நான் வாங்குவேனா? வாங்குவேன் என்று மனம் சொன்னால், வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. ஐயோ, வேண்டவே வேண்டாம் என்று சொன்னால், வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை. தரகும் வரியும் நீங்கலாக, வைத்திருப்பதும் ஒவ்வொரு நாளும் புதிதாக வாங்குவதும் ஒன்றேதான்.

இவ்வளவு தெளிவான செய்தியை நம் மனம் ஏன் ஏற்க மறுக்கிறது? இதற்கு விடை காண அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு தொகையை இழப்பதால் வரும் துயரம், அதே தொகையைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியைக் காட்டிலும் வலிமை மிக்கது என்று காட்டினர். ஏறக்குறைய இரு மடங்கு என்பது அவர்கள் பின்னர்ச் செய்த கணிப்பு. நஷ்டத்தில் நிற்கும் மனிதன், அதைத் திட்டமாக ஏற்றுக்கொள்வதைவிட, இன்னும் பெரிய நஷ்டம் வரக்கூடிய சூதுக்கு உடன்படுகிறான் என்பதும் அவர்கள் கண்டது. 1985-ஆம் ஆண்டில் ஹெர்ஷ் ஷெப்ரின், மெயர் ஸ்டேட்மன் என்னும் இருவர் இக்கருத்தைப் பங்குச் சந்தைக்குப் பொருத்திப் பார்த்தனர். மக்கள் ஏறிய பங்குகளை விரைந்து விற்கிறார்கள். இறங்கிய பங்குகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றனர்.

இது வெறும் ஊகமா, உண்மையா என்பதை டெரன்ஸ் ஓடியன் என்பவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றில் 1987 முதல் 1993 வரை நடந்த 10,000 கணக்குகளின் கொடுக்கல் வாங்கல்களை ஆராய்ந்து, 1998-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். விற்கும் வாய்ப்பு வந்த நாள்களில், லாபத்தில் இருந்த பங்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 விற்கப்பட்டன. நஷ்டத்தில் இருந்தவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 மட்டுமே விற்கப்பட்டன. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அவர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைக் காட்டிலும், அடுத்த ஓராண்டில் சராசரியாக நூற்றுக்கு 3.4 என்னும் அளவில் அதிக ஆதாயம் தந்தன. தோட்டக்காரன் ஒருவன் பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் களைக்கு நீர் ஊற்றியதைப் போன்ற செயல் இது.

அப்படியானால், விலை இறங்கிய பங்கையெல்லாம் உடனே விற்றுவிட வேண்டுமா? இல்லை. அதுவும் பெருந்தவறாக முடியும். காய்ச்சல் வந்தவர்க்கெல்லாம் ஒரே மருந்து கொடுப்பதில்லை. எதனால் வந்த காய்ச்சல் என்று பார்த்தே மருத்துவர் மருந்து தருகிறார். பங்கின் விலை விழுவதற்கும் மூன்று வகைக் காரணங்கள் உண்டு. நாடு முழுவதற்கும் வந்த காய்ச்சல் ஒன்று. ஒரு தொழிலுக்கு வந்த காய்ச்சல் ஒன்று. அந்தக் கம்பெனிக்கே உரிய நோய் ஒன்று.

முதல் வகைக்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டியது. உலகெங்கும் நிதி நெருக்கடி சூழ்ந்த அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐத் தொட்டது. அடுத்து, 2020 ஜனவரியில் 42,000-க்கு மேல் நின்ற குறியீட்டெண், கொரோனாத் தொற்றின் அச்சத்தால் மார்ச் 23-ஆம் நாள் 26,000-க்கும் கீழே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்தைக் கடந்துவிட்டது. இத்தகைய வீழ்ச்சியில் அஞ்சி, நல்ல கம்பெனிகளின் பங்குகளை அடிவிலைக்கு விற்றவர்கள் பின்னர் வருந்தினார்கள்.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறியீட்டெண் மீண்டு எழுந்தது என்பதனால் ஒவ்வொரு பங்கும் மீண்டு எழும் என்று முடிவு கட்டலாகாது. குறியீட்டெண் என்பது ஒரு சபை. அதில் வலிவிழந்தவர்கள் நீக்கப்பட்டுப் புதியவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். சபை என்றும் இளமையோடு இருக்கிறது. நீக்கப்பட்டவர்களின் கதி என்ன என்று அது சொல்லுவதில்லை. 2009 ஜனவரி 7-ஆம் நாள், சத்யம் கம்பெனியின் தலைவர், தம் கணக்குகளில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பொய்யாகக் காட்டப்பட்டது என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அதன் பங்கு, நான்கில் மூன்று பங்கு மதிப்பை இழந்தது. சில நாள்களிலேயே சென்செக்ஸிலிருந்தும் நீக்கப்பட்டது. சபை தன் வழியே சென்றது. பங்கை வைத்திருந்தவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் பிரித்தறிவதற்கு, ஒரே நாளில் சென்செக்ஸிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 23-ஆம் நாள் டாட்டா மோட்டார்ஸ், எஸ் பாங்கு ஆகிய இரண்டும் அந்தச் சபையை விட்டு வெளியேறின. இரண்டுமே பழைய உச்சத்திலிருந்து வெகுவாக விழுந்திருந்தவை. இரண்டையும் வைத்திருந்தவர்கள் ஒன்றுபோலவே மனம் வெதும்பியிருப்பார்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே வகையாகவே தோன்றியிருக்கும்.

டாட்டா மோட்டார்ஸ் பங்கு 2015-ஆம் ஆண்டில் 500 ரூபாய்க்கும் மேல் விற்றது. 2020 மார்ச்சில் 70 ரூபாய்க்கும் கீழே வந்தது. மோட்டார் வாகனத் தொழில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் தொழில். விற்பனை மந்தம், வெளிநாட்டுச் சந்தைகளில் வந்த இடர்ப்பாடு, கடன் சுமை ஆகியவை ஒருங்கே சேர்ந்து அதை அழுத்தின. ஆயினும், ஆலைகள் இருந்தன, வண்டிகள் விற்றுக்கொண்டிருந்தன, 2008-ஆம் ஆண்டில் வாங்கிய ஜாகுவார், லாண்ட் ரோவர் என்னும் பெயர்களுக்கு உலகில் மதிப்பு இருந்தது, தாய் நிறுவனமும் தன் பணத்தை மேலும் இட்டது. 2021-ஆம் ஆண்டில் அந்தப் பங்கு மீண்டும் 500 ரூபாயைத் தொட்டது. 2024-ஆம் ஆண்டில் 1,000 ரூபாயையும் கடந்தது.

எஸ் பாங்கின் வரலாறோ வேறு. 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயை எட்டியிருந்தது. அடுத்த மாதமே, தலைமை அதிகாரியின் பதவிக் காலத்தை ரிசர்வ் வங்கி குறுக்கிவிட்டது என்னும் செய்தி வந்தது. விலை சரிந்தது. அன்றும்கூட 200 ரூபாய்க்கு மேல் விற்க முடிந்தது. 2019 ஏப்ரலில், வாராக் கடன்களுக்காகப் பெருந்தொகை ஒதுக்கியதால், முதன்முறையாக ஒரு காலாண்டில் நஷ்டம் என்று அந்த வங்கியே அறிவித்தது. இவை இரகசியங்கள் அல்ல; நாளேடுகளில் எல்லோரும் படித்த செய்திகள். ஆயினும், 400 ரூபாய் பார்த்த பங்கு, திரும்பி வராமலா போகும் என்று பலர் காத்திருந்தனர். சிலர் இறங்க இறங்க மேலும் வாங்கினர். 2020 மார்ச் 5-ஆம் நாள் ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் நடவடிக்கைகளுக்குத் தடை விதித்தது. பின்னர், ஸ்டேட் பாங்கின் தலைமையில் பல வங்கிகள் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் முதலிட்டு அதைக் காப்பாற்றின. வங்கி பிழைத்தது, பணம் போட்டு வைத்திருந்தவர்கள் தப்பினர். பழைய பங்குதாரரின் உரிமையோ, புதிய பங்குகளின் வெள்ளத்தில் மிகச் சிறியதாகிவிட்டது. 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள், அவற்றில் நூற்றுக்கு 75-ஐ மூன்றாண்டுகளுக்கு விற்கலாகாது என்றும் விதிக்கப்பட்டது. விற்பதா, வைத்திருப்பதா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆலோசிக்கும் உரிமையே இல்லாமற்போயிற்று. 2024-ஆம் ஆண்டின் உச்சத்திலும் அதன் விலை 35 ரூபாயைத் தாண்டவில்லை.

ஆகவே, நாம் கற்பது என்ன? பழைய விலை ஒரு வாக்குறுதி அன்று. தொழிலின் மந்தத்தால் விழுந்த கம்பெனி, கடனைத் தாங்கும் வலிமை இருந்தால், எழக்கூடும். முதலே கரைந்துவிட்ட கம்பெனி எழுந்தாலும், அது பழைய பங்குதாரருக்காக எழுவதில்லை. சில இடங்களில் அதுவும் இல்லை. திவான் ஹவுசிங் நிதிக் கம்பெனி 2021-ஆம் ஆண்டில் வேறொருவர் கைக்கு மாறியபொழுது, பழைய பங்குகளின் மதிப்பு சுழியம் என்றே முடிவாயிற்று.

இந்த வேறுபாட்டைச் சாதாரண மனிதன் எவ்வாறு அறிவது? முற்றும் அறிய இயலாது, ஓரளவு அறியலாம். பதிவு பெற்ற கம்பெனிகள் மூன்று மாதத்திற்கு ஒரு முறை கணக்கு வெளியிடுகின்றன. அதில் லாபம் என்று காட்டிய தொகைக்கும், தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணத்திற்கும் ஆண்டுதோறும் பெரிய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கம்பெனியை நடத்துபவர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதும் பங்குச் சந்தையின் இணையதளத்தில் வெளியாகிறது. கணக்குத் தணிக்கையாளர் தவணை முடியுமுன் விலகினால், அதைத் தீயணைப்பு வண்டியின் மணியோசையாகக் கொள்ளுங்கள். இவற்றுள் இரண்டு மூன்று அறிகுறிகள் ஒன்றுசேர்ந்தால், வாங்கிய விலையைப் பற்றிய நினைவை ஒதுக்கிவிட்டு வெளியேறுவதே நலம்.

இங்கே ஒரு பழமொழியோடு சிறிது வாதாட வேண்டியிருக்கிறது. வெள்ளம் தலைக்கு மேலே போன பின்பு சாண் என்ன, முழம் என்ன என்பர். பங்கு 100 ரூபாயிலிருந்து 20 ரூபாய்க்கு வந்தபின், போனது போயிற்று, இருக்கட்டும் என்று சொல்லும் நண்பர்கள் இந்தப் பழமொழியையே துணைக்கு அழைக்கிறார்கள். வெள்ளத்திற்குப் பொருந்தலாம், பணத்திற்குப் பொருந்தாது. அந்த 20 ரூபாயும் ரூபாய்தான். அது 2 ரூபாய் ஆனால், எஞ்சியதில் நூற்றுக்கு 90 போய்விட்டது என்று பொருள். ஏறுகிற கணக்கும் இறங்குகிற கணக்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. நூற்றுக்கு 20 விழுந்த பங்கு பழைய நிலையை அடைய நூற்றுக்கு 25 ஏற வேண்டும். நூற்றுக்கு 50 விழுந்தது இரு மடங்காக வேண்டும். நூற்றுக்கு 80 விழுந்தது ஐந்து மடங்காக வேண்டும். ஐந்து மடங்காகக்கூடிய பங்கு என்று நம்பி, இன்று இதைப் புதிதாக வாங்குவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரியைக் குறைத்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் உண்டு. 100 ரூபாய்க்கு 50 பங்கு வாங்கியவர், 60 ரூபாய்க்கு மேலும் 50 வாங்கினால், சராசரி 80 ரூபாய் ஆகிறது. கணக்குச் சரிதான். ஆனால், சராசரி குறைந்ததனால் கம்பெனியின் நோய் குறைவதில்லை. ஒரே கூடையில் நாம் வைத்த பணம்தான் கூடுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் முதுமொழி இங்கே பொருத்தமானது. கம்பெனி நலமாக இருக்கிறது, சந்தைதான் அஞ்சி நடுங்குகிறது என்று ஆராய்ந்து தெளிந்தவர் மேலும் வாங்கலாம். முதலில் செய்த முடிவுக்குப் பரிந்து பேசுவதற்காக வாங்கலாகாது.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு ஆறாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் 500 ரூபாய்க்கு வந்தால், அசல் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம். அதே 500 ரூபாய் நூற்றுக்கு 7 வட்டியில் கூட்டுவட்டியாக வளர்ந்திருந்தால், ஆறாண்டில் 750 ரூபாய் ஆகியிருக்கும். அசல் வரட்டும் என்று காத்திருப்பவர், அந்த 250 ரூபாயை ஓசையின்றி இழந்திருக்கிறார்.

நஷ்டத்திற்கும் ஒரு சிறு பயன் உண்டு என்பதை வருமான வரிச் சட்டம் காட்டுகிறது. 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்திற்கு நூற்றுக்கு 20 வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்திற்கு நூற்றுக்கு 12.5 வரி. ஒருவர் இவ்வாண்டில் ஒரு பங்கை விற்றுக் குறுகிய கால லாபமாக 60,000 ரூபாய் அடைந்தார் என்போம். வரி 12,000 ரூபாய். அதே ஆண்டில் மற்றொரு பங்கை விற்று 60,000 ரூபாய் குறுகிய கால நஷ்டம் கண்டால், இரண்டும் ஈடாகி அந்த வரி இல்லாமற்போகும். குறுகிய கால நஷ்டத்தை இருவகை லாபத்திற்கும் ஈடு செய்யலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்திற்கு மட்டுமே ஈடு செய்யலாம். மிஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால், வருமானக் கணக்கை உரிய நாளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். கவனியுங்கள்: விற்ற நஷ்டத்திற்குத்தான் இந்தச் சலுகை. காகித நஷ்டத்திற்கு வரி அதிகாரியிடம் மதிப்பு இல்லை.

இதுவரை கம்பெனியைப் பற்றிப் பேசினோம். பங்கை வைத்திருக்கும் மனிதரைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மூத்த நண்பர் ஒருவர் இருந்தார்; இப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டார். மகளின் திருமணத்திற்காகச் சேர்த்த பணத்தில் 3 லட்சம் ரூபாய்க்கு ஒரே கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தார். அவற்றின் மதிப்பு 1,26,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது. திருமணத்திற்கு எட்டு மாதமே இருந்தது. விற்றுவிடலாமே என்று சிலர் சொன்னபொழுது அவர் என்னிடம், "தம்பி, விற்றுவிட்டால் நான் தோற்றவன் என்று ஆகிவிடுமே, வீட்டில் என்ன முகத்தோடு சொல்லுவேன்?" என்றார். அவரைத் தடுத்தது கம்பெனியின் மீது கொண்ட நம்பிக்கை அன்று. மனைவிக்குச் சொல்ல வேண்டுமே என்னும் கூச்சம். ஒரு நாள் துணிந்து சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு அது ஆறு மாதத்திற்கு முன்பே தெரிந்திருந்ததாம். "போனது போகட்டும்; இருப்பதையாவது கல்யாணத்துக்கு எடுத்து வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்களாம். அவர் விற்று, பணத்தை வங்கியிலே போட்டார்.

அதன் பின் அந்தப் பங்கு சிறிது ஏறியது. அலுவலகத்தில் சிலர் அவரைக் கேலி செய்தனர். ஆயினும், அவர் செய்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். எட்டு மாதத்தில் தேவைப்படும் பணம் சந்தையில் இருக்க வேண்டிய பணமே அன்று. விலை ஏறியது என்பதனால் முடிவு தவறாகிவிடாது. விலை இறங்கியிருந்தால் அதனால் மட்டும் சரியாகியும் விடாது. அன்று கையில் இருந்த செய்தியையும், அன்றைய தேவையையும் கொண்டே ஒரு முடிவை மதிப்பிட வேண்டும்.

என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் பங்குகளில் சூதாடுவதைத் தடுக்கின்றன. எப்பொழுதேனும் செய்யும் முதலீட்டுக்குத் தடை இல்லை. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் சூதாட்டமாகவே கருதப்படும். விழுந்த பங்கை விற்று, இழந்ததை ஒரே வாரத்தில் மீட்பேன் என்று நாள்தோறும் வாங்கி விற்கத் தொடங்குவது, விதிக்கும் முரண், விவேகத்திற்கும் முரண்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். ஒரு செயலில் இறங்குமுன் அழிவது எது, ஆவது எது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் வள்ளுவர், வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையில் உள்ள முதலை இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் கூறுகிறார். வாங்கும்பொழுது மட்டுமன்று; வைத்திருப்பதும் ஒரு செயலே ஆதலால், வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இந்த அறிவுரை பொருந்தும்.

ஆகவே, விலை விழுந்த பங்கு உங்களிடம் இருக்குமானால், ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதுங்கள். இதை ஏன் வாங்கினேன். அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா? வீழ்ச்சி சந்தைக்கு வந்ததா, தொழிலுக்கு வந்ததா, இந்தக் கம்பெனிக்கே வந்ததா? இந்தப் பணம் எனக்கு எப்பொழுது தேவை? இன்று ரொக்கம் கையில் இருந்தால் இதையே வாங்குவேனா? வாங்கிய விலையை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அது வரிக் கணக்குக்கு மட்டும் போதும். விடைகள் தெளிவாக இருந்தால் தெளிவாகச் செய்யுங்கள். ஐயம் தீராவிட்டால் பாதியை விற்று, மீதியை அடுத்த ஆண்டறிக்கை வரும்வரை என்று நாள் குறித்து வைத்திருங்கள். எழுதிய தாளை வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டுங்கள். நாம் மறைப்பதாக நினைப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடும்.

பணத்தை இழப்பது வாணிபத்தில் இயல்பு. இழந்த பணத்தை நினைந்து, இருக்கும் பணத்தையும் இழப்பது நம் கையில் உள்ளது. அதைத் தவிர்க்க நமக்கு ஆற்றல் உண்டு.